கைக்குழியை உயர்த்திப் பாருங்கள்

என் வலது தோள் இடது தோளைவிட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. வீட்டில் எனக்கான முதல் சட்டையை வெட்டுவதற்காக இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து தோள்முனை வரை இரண்டு பக்கமும் இஞ்சு டேப்பால் அளந்தபோதுதான், நாற்பது வயதைக் கடந்த பிறகு, இது எனக்குத் தெரிய வந்தது. அதுவரை நான் வாங்கிய ஒவ்வொரு சட்டையிலும் கழுத்தோரத்திலிருந்து வலது அக்குளை நோக்கி ஒரு சாய்ந்த மடிப்பு விழும். அதைக் கண்ணாடியில் காணும்போதெல்லாம் நேராக நிற்கத் தெரியவில்லை என்று என்னையே கடிந்துகொள்வேன். துணியை வெட்டுவதற்காக வரைந்துகொள்ளும் தாள் மாதிரியில் வலப்பக்கத் தோள்கோட்டை ஒரு சென்டிமீட்டர் இறக்கி, கைக்குழியையும், அதாவது உடல் துண்டோடு கைத் துண்டு சேரும் வளைவையும், அதே அளவு இறக்கி வரைந்தேன். அந்தச் சட்டையில் மடிப்பு விழவில்லை.

வீட்டிலேயே ஆடை தைப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் சிக்கனத்தைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. துணி, நூல், காலரை விறைப்பாக்க உள்ளே வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ், பொத்தான் என்று கூட்டி, செலவழிந்த மணிநேரங்களையும் கணக்கில் கொண்டால் சிக்கனம் என்ற வாதம் நிற்காது. ஆடை சரியாக அமையாதபோது குறை உடலில் இருப்பதாக எண்ணும் பழக்கத்தை என்னிடமிருந்து அகற்றியது இந்தத் தையல்தான், நான் தொடர்ந்து தைப்பதும் அதற்காகத்தான்.

கடையில் தொங்கும் ஆடையின் அளவு எண் எங்கிருந்து வந்தது என்று அறிந்தால், அந்த எண்ணின் மீதுள்ள பயம் பாதி குறைந்துவிடும். 1863இல் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்கலைஞர் தாள் மாதிரிகளைப் பல அளவுகளில் தயாரித்து விற்கத் தொடங்கினார். ஆயத்த ஆடைத் தொழில் வளர்ந்த பின், 1939-40ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வேளாண்மைத் துறையின் ஆய்வுக்காக ஏறத்தாழ 15,000 பெண்கள் அளக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் 50க்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்பட்டன. ஆனால் தாமாக முன்வந்தவர்களை மட்டுமே அளந்தார்கள். முடிவுகளில் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் சேர்க்கப்படவில்லை. அந்த ஆய்வை அடித்தளமாகக் கொண்டு 1958இல் வெளியான பெண்கள் ஆடை அளவுத் தரநிலையும் 1983இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அட்டவணையை வைத்திருக்கிறது. இப்படி வந்த ஓர் எண்ணுக்காக ஒருவர் தன் இடுப்பையோ தோளையோ நொந்துகொள்வதை எண்ணினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உடலுக்கும் துணிக்கும் உள்ள உறவை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியது கைக்குழிதான். கையை உயர்த்தினால் சட்டை முழுவதும் மேலே ஏறுகிறது என்பது பலரும் சொல்லும் குறை. அதற்கு அவர்கள் தேடும் தீர்வு கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவது. நானும் அப்படித்தான் வெட்டினேன், சட்டை முன்னிலும் மோசமாக ஏறியது. காரணம் எளிது. கைக்குழியின் அடிப்பகுதி அக்குளிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த இடம் கையோடு சேர்ந்து மேலே இழுபடுகிறது, பக்கத் தையலையும் தன்னோடு இழுக்கிறது. அடுத்த முறை, பக்கத் தையலை மேல்நோக்கி நீட்டி, கைக்குழியை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி அக்குளுக்கு அருகில் கொண்டுவந்தேன். கைத் துண்டின் வளைவையும் அதற்கேற்ப மாற்றி வரைந்தேன். வெட்டி முடித்ததும் துளை சிறுத்துவிட்டது போலிருந்தது, துணி வீணாயிற்று என்றே நினைத்தேன். அணிந்து அலமாரியின் மேல்தட்டை எட்டிப் பிடித்தபோது சட்டையின் கீழ்விளிம்பு சற்றே அசைந்ததோடு சரி. ஒரே அளவுக்குள் பல வகை உடல்கள் நுழைய வேண்டிய ஆயத்த ஆடையில் கைக்குழியைத் தாழ்த்தி வைப்பது வசதி. என் ஒருத்திக்காகத் தைக்கும் சட்டையில் அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

தவறுகளும் இப்படித்தான் கற்றுத் தந்தன. துணியை மிச்சப்படுத்தும் ஆசையில் ஒரு காற்சட்டையின் ஒரு காலை மட்டும் சற்றுச் சாய்த்து வெட்டினேன். தைத்து முடித்து நடந்தபோது அந்தக் காலின் பக்கத் தையல் முழங்காலைச் சுற்றி முன்பக்கம் திரும்பி வந்து நின்றது. கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் எந்தத் திசையில் தொங்க விரும்புகிறதோ, ஆடையும் அந்தத் திசையில்தான் தொங்கும். அதே இயல்பை வேண்டுமென்றே பயன்படுத்தியவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் மடலேன் வியோனே. 1920களில், பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் முழு ஆடைகளையே அமைத்து, துணியை உடலோடு நெகிழ்ந்து விழச் செய்தார். அவர் தாளில் படம் வரைவதைவிட ஒரு சிறிய மரப்பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்தே வடிவங்களைக் கண்டடைந்தார் என்பதை, எனக்கு வரையத் தெரியாது, அதனால் வடிவமைக்க முடியாது என்று சொல்பவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன். ஒரு பழைய படுக்கை விரிப்பையும் பத்துக் குண்டூசிகளையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தொடங்கலாம். நல்ல துணியை வெட்டுவதற்கு முன் அத்தகைய பழந்துணியில் ஒரு மாதிரிச் சட்டையைப் பெரிய தையலாக ஓட்டிப் பார்ப்பதை நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பருத்தித் துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நல்ல தையற்காரர் இதையெல்லாம் செய்து தர மாட்டாரா என்று கேட்கலாம். செய்து தருவார், பலர் என்னைவிடப் பன்மடங்கு நேர்த்தியாகச் செய்வார்கள், அவர்களுடைய காஜாவை, அதாவது பொத்தான் துளையை, போல ஒன்றை என்னால் இன்றும் போட முடியவில்லை. ஆனால் அளவு கொடுக்கும்போது நாம் நிமிர்ந்து நிற்கிறோம், மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறோம். வீட்டில், பாதி தைத்த ஆடையை அணிந்து நாற்காலியில் உட்காரலாம், குனிந்து தரையைத் துடைக்கலாம், குழந்தையைத் தூக்கலாம். உட்கார்ந்தால் இடுப்பின் சுற்றளவு கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு கூடுகிறது என்பதை அளந்து, அதை இடுப்புப் பட்டியில் சேர்த்துத் தைக்கும்போதுதான் அந்த அறிவு பயன்படுகிறது. பைகளும் அப்படியே. பெண்களின் ஆடைகளில் விரல் நுனி மட்டும் நுழையும் பைகளை வைத்தே பழகிப்போன நான், மணிக்கட்டிலிருந்து நடுவிரல் முனை வரை அளந்து, அதற்கும் மேலே இரண்டு விரற்கடை சேர்த்துப் பையின் ஆழத்தை வெட்டுகிறேன். நடக்கும்போது கை முழுவதும் அதற்குள் அடங்குகிறது.

என் சட்டையின் தாள் மாதிரி இப்போது ஐந்தாவது திருத்தத்தில் இருக்கிறது, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் தேதியையும் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். தோளும் கைக்குழியும் முடிந்துவிட்டன. கழுத்து மட்டும் அரை மணிநேரத்தில் பின்னால் நழுவிப் போகிறது; என் தோள்கள் சற்று முன்னோக்கி வளைந்திருப்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். தோள் தையலை முக்கால் சென்டிமீட்டர் முன்னுக்கு நகர்த்தி நேற்று புதிய கோடு போட்டிருக்கிறேன், மாதிரிச் சட்டைக்கான பழந்துணி மேசையில் விரித்துக் கிடக்கிறது.