வண்டி நிறுத்த இடமுண்டு, வண்டியில் கைவைக்க இடமில்லையா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்ததை, அந்தப் புகைப்படத்தின் வழியாக உங்களில் பலர் ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். அதில் போனட் திறந்தபடி நிற்கும் பச்சை நிற டட்சன் 120ஒய், நான் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பழைய கார், என்னுடையது. தரையில் விரித்திருந்த அட்டைகளும் என்னுடையவையே. நான் தண்ணீர் குடிக்க மேலே சென்றிருந்த பதினைந்து நிமிடத்தில் அந்தப் படம் எடுக்கப்பட்டு, குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. நான் திரும்பி வருவதற்குள் காவலாளி சக்கரத்தில் பூட்டையும் மாட்டிவிட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை, சொன்னதைச் செய்தார். படமெடுத்தவர் மட்டும் என் வீட்டுக் கதவை ஒரு முறை தட்டியிருக்கலாம். நாங்கள் இருவரும் ஒரே மாடியில்தான் வசிக்கிறோம்.

ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பூட்டை எடுத்தாயிற்று. ஏழு நாளில் வண்டியை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று கடிதமும் வந்துவிட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரே கழற்றப்பட்ட வண்டி எப்படி நகரும் என்று அலுவலகத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் எழுதிய மறுப்புகளுக்கும் அறிவுரைகளுக்கும் பதிலாக நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் என்று கணக்கிட்டு ஆறு மாடி நிறுத்துமிடம் கட்டத் தெரிந்த நகரத்தில், அந்தக் காரில் ஒரு மனிதர் தம் கையால் வேலை செய்ய ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. நீச்சல் குளம் இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, நூறு வெள்ளி முன்பணம் கட்டி முன்பதிவு செய்துகொள்ளும் பார்பிக்யூ மேடை இருக்கிறது. ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தால் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது.

“சட்டம் இருக்கிறதே” என்று எழுதியவர்களுக்கு: சட்டத்தை நான் படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கான 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகள், மிகுந்த ஓசை, புகை, எண்ணெய்ச் சிந்தல், சங்கிலிக் கப்பி போன்ற கனத்த கருவிகள் ஆகியவற்றோடு செய்யப்படும் பெரிய பழுதுபார்ப்புகளைத்தான் தடுக்கின்றன. நான் செய்துகொண்டிருந்தது என்ன? நான்கு நட்டுகளைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கக்கூடிய ஒரு ஹித்தாச்சி கார்புரேட்டரை வெளியே எடுத்தேன். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஊசித் துளை போன்ற ஜெட்களை அடைத்துவிடும். அதைச் சுத்தம் செய்யாமல் எஞ்சின் சீராக ஓடாது. இதில் எந்த ஓசை, எந்தக் கப்பி? சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குச் சுவரைத் துளைக்கும் புதுப்பிப்பு வேலைகளுக்கு அனுமதி கொடுக்கும் அதே அலுவலகம்தான் எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

தீ விபத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒரு மறுப்பை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அது உண்மை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரைக்கடியில் உள்ள நிறுத்துமிடத்தில் அது வெளியேற வழியில்லாமல் தாழ்வான இடத்தில் தங்கும். அதனால்தான் டாங்கியை நான் அங்கே தொட்டதில்லை. கார்புரேட்டரில் எஞ்சியிருந்ததை மூடியுள்ள தகர டப்பாவில் வடித்துவிட்டு, கழுவும் வேலையை வீட்டு பால்கனியில்தான் செய்தேன். தீயணைப்பானும் என் பக்கத்திலேயே இருந்தது. அதுவும் அந்தப் படத்தில் விழவில்லை.

எண்ணெய்க் கறையைப் பற்றிப் பலர் எழுதினீர்கள். தரையில் அட்டை, அதன் மேல் தட்டு. வடித்த எஞ்சின் எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில், தனியாக அகற்றப்பட வேண்டியதென்று சட்டம் பட்டியலிட்ட கழிவு என்பது எனக்குத் தெரியும். அதைப் போத்தலில் அடைத்து, உரிமம் பெற்றவர்களுக்குக் கொடுக்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சாக்கடையில் ஊற்றினால் அது கோம்பாக் ஆற்றில் இறங்கி, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு கலக்கும். செந்தூலில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“வேறு இடம் வாடகைக்கு எடுக்க வேண்டியதுதானே” என்பது அடுத்த அறிவுரை. எடுத்தேன். சென்ற ஆண்டு சிகாம்புட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பின் பின்மூலைக்கு மாதம் நானூறு வெள்ளி கொடுத்தேன். மூன்றாவது மாதம் அவர்களுக்கு இடம் தேவைப்பட்டபோது, முன்கண்ணாடியின் ரப்பர் கழற்றியிருந்த என் வண்டியைத் தள்ளி வெளியே நிறுத்திவிட்டார்கள். கோலாலம்பூரின் மாலை மழை எப்படியென்று உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, காலடித் தகட்டில் நான் இரண்டு மாதம் தேய்த்துப் பூசியிருந்த இடமெல்லாம் மறுபடி துருவேறிச் செந்நிறமாகியிருந்தது. கதவுக் கிளிப்புகளை வைத்திருந்த மைலோ டின்னும் காணாமல் போயிருந்தது. கிளிப் வேண்டுமானால் தேடி வாங்கலாம். அந்த டின் அப்பாவுடையது.

அப்பா அந்த வண்டியை 1982-இல், வேறொருவர் ஓட்டியதை வாங்கினார். அப்போது நாங்கள் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசலில் ஒரு மாமரம், அதன் கீழே வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் பக்கத்து வீட்டு மாமாக்கள் இருவராவது வந்து குந்திவிடுவார்கள். அம்மா கோப்பிக் கூஜாவை வெளியிலேயே வைத்துவிடுவார். எனக்கு வேலை நட்டுகளைக் காப்பது. “கழட்டுன வரிசையிலேயே வை பாப்பா, காடி மறந்தாலும் நீ மறக்கக் கூடாது” என்பார். காடி என்றால் அவருக்குக் கார். அந்த வீடுகளில் பணக்காரர் எவரும் இல்லை. ஆனால் வண்டியைப் பிரித்துப் போட வாசல் இருந்தது, பிரித்தது இரவு முழுவதும் அப்படியே கிடந்தாலும் அதைப் படமெடுத்து ஊரைக் கூட்ட ஆளில்லை. இன்று அப்பாவின் சம்பளத்தைப் போல் பல மடங்கு வாங்குகிறேன், என் பெயரில் வீடு இருக்கிறது, நிறுத்துமிடம் இருக்கிறது, ஆனால் அந்த வாசல் என்னிடம் இல்லை.

சில வேலைகளை வண்டி நிற்கும் இடத்தில் மட்டுமே செய்ய முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் உள்ள ஏ12 எஞ்சின் 1171 சிசி. அதன் வால்வுகளுக்கும் அவற்றை அழுத்தும் ராக்கர்களுக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி, எஞ்சின் சூடாக இருக்கும்போது 0.35 மில்லிமீட்டர். அதாவது எஞ்சினை நன்றாக ஓடவிட்டு, நிறுத்திய உடனே ராக்கர் கவரைக் கழற்றி, ஆறுவதற்குள் எட்டு வால்வுகளையும் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்துப் பார்த்துவிட வேண்டும். மூடிய நிறுத்துமிடத்தில் எஞ்சினை ஓடவிடுவது ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. திறந்த வெளியில் செய்தால் மழை. ஆக எனக்குத் தேவைப்படுவது கூரையும் காற்றோட்டமும் உள்ள ஓர் இடம், ஒன்றே ஒன்று. எங்கள் வளாகத்தில் குப்பை அறைக்குப் பக்கத்தில் அப்படி இரண்டு இடங்கள், நான் குடிவந்த நாளிலிருந்து காலியாகவே கிடக்கின்றன. வார இறுதியில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, முன்பதிவோடு, பார்பிக்யூ மேடைக்கு வாங்கும் அதே முன்பணத்தை வாங்கிக்கொண்டு அதில் ஒன்றைத் திறந்துவிடுங்கள் என்று மார்ச் மாதமே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்துக்கும் பதிலில்லை.

“மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்” என்கிறீர்கள். கொடுக்கலாம். கார்புரேட்டரைச் சரிசெய்யத் தெரிந்த ஃபோர்மேன்கள் எனக்குத் தெரிந்து இருவர்தாம், இருவருக்கும் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களிடமிருந்து யாராவது கற்றுக்கொள்ள வேண்டாமா? கற்றுக்கொள்பவர் எங்கே உட்கார்ந்து பழகுவார்?

“உங்கள் வீட்டுக்காரர் இதைச் செய்யக் கூடாதா” என்று கேட்ட சகோதரிக்கு: வண்டி என் அப்பாவுடையது, கை என்னுடையது. இதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் படத்தின் கீழே ஒருவர், “நம் இடத்தைப் பட்டறையாக்கிவிட்டார்கள், இதற்காகவா இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம்” என்று எழுதியிருந்தார். பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் தமிழர்கள். என் தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இந்த நாட்டின் ரயில் எஞ்சின்களைப் பிரித்து மாட்டிய அந்தப் பட்டறையின் சங்கு ஊதியதைக் கேட்டுத்தான் செந்தூலில் அடுப்புகள் எரிந்தன, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பினார்கள். அந்தச் சம்பளத்தில் படித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பட்டறை என்ற சொல்லை நீங்கள் எப்போதிலிருந்து ஏச்சாகப் பயன்படுத்தத் தொடங்கினீர்கள்? நகத்தில் கிரீஸ் ஏறிய கையைப் பார்த்தால் உங்கள் குடியிருப்பின் மதிப்பு குறைந்துவிடுமா? இரண்டு இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வெள்ளிக்காக அல்ல, அந்த ஒரு சொல்லுக்காக.

என்னை வேறு ஊருக்குப் போகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரைவீடு வாங்க, நகரத்துக்கு வடக்கே உள்ள ரவாங்கைத் தாண்டிப் போக வேண்டும், என் அம்மாவின் மருத்துவமனை இங்கே இருக்கிறது. ஒரு பழைய வண்டிக்காக அவரை இடம்பெயர்க்க மாட்டேன், அவருக்காக வண்டியையும் விற்க மாட்டேன். ஒரு வண்டி நிற்குமளவு இடத்தைக் கேட்டால் ஏன் பதிலாக இந்த இரண்டு வழிகளை மட்டுமே காட்டுகிறீர்கள்?

அடுத்து வரும் ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் கையொப்பமிட விரும்பினால் உள்பெட்டியில் எழுதுங்கள். அதற்கு முன், கெடுவில் இன்னும் மூன்று நாள்கள்தாம் இருக்கின்றன. கெப்போங், செலாயாங், கோம்பாக் வட்டாரத்தில் எவரிடமாவது கூரையுள்ள கார் போர்ச் இரண்டு மாதத்துக்குக் கிடைக்குமானால் தெரிவியுங்கள். மாதம் முந்நூறு வெள்ளி தருகிறேன், தரையைக் கழுவிக் கொடுத்துவிடுவேன். கார்புரேட்டர் இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளின்மேல், கழற்றிய வரிசையிலேயே இருக்கிறது.