பிள்ளையைப் பார்க்க வந்தால் பிள்ளையைப் பாருங்கள்

காதுகுத்து வீடியோவைக் குடும்பக் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னதற்கு இந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த பட்டங்கள்: தொட்டாச்சிணுங்கி, பொண்டாட்டிக்குப் பரிந்து பேசுபவன், 'ஊர் உலகத்துல இவன் ஒருத்தன்தான் பிள்ளை பெத்திருக்கான்'. கடைசிப் பட்டத்தைக் கொடுத்த சித்தப்பாவுக்கு நன்றி. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நடந்ததை மறுபடியும் முழுதாக எழுதப் போவதில்லை. குழுவில் இருப்பவர்கள் பார்த்துவிட்டீர்கள், இல்லாதவர்களுக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். நம் சொந்தத்தில் அந்தச் சேவைக்கு மட்டும் குறைச்சலே இல்லை. இரண்டு வயது நிறையாத பிள்ளையை மண்டபத்தின் நடுவில் நிறுத்தி, 'மாமா சொல்லு, அத்தை சொல்லு, ஏ பி சி டி சொல்லு பார்ப்போம்' என்று பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டு, அது திருதிருவென்று முழித்ததும் சிரித்து, அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் படம் பிடித்து, கீழே 'இன்னும் பேச்சு வரல, பெத்தவங்க கவனிக்கணும்' என்று ஒரு வரியும் போட்டால், பெத்தவன் கவனிக்கத்தான் செய்வான். கவனித்தேன். எடுக்கச் சொன்னேன். இதில் என்ன குற்றம்?

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பிள்ளையைப் பார்க்க வந்தால் பிள்ளையைப் பாருங்கள். பரீட்சை வைக்காதீர்கள்.

பார்த்திருந்தால் என்னவெல்லாம் தெரிந்திருக்கும்! எங்கள் வீட்டுக் குக்கருக்குக் கணக்கு வைத்திருப்பது என் மகள்தான். விசில் வந்தால் ஒரு விரலைத் தூக்குவாள். அடுத்த விசிலுக்கும் அதே விரல்தான், அவளிடம் இருக்கும் எண் அது ஒன்றுதான். ஆனால் மூன்றாவது விசில் வந்ததும் எங்கிருந்தாலும் ஓடி வந்து என் கைலியைப் பிடித்து அடுப்படிப் பக்கம் இழுப்பாள். அடுப்பை அணைத்த பிறகுதான் விடுவாள். தெருவில் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வருவாரே, அந்த இரும்பு, ஈயம், பித்தளை வரிசை முழுவதையும் ராகம் பிசகாமல் சொல்வாள். ஒரு சொல்லும் இருக்காது, ராகம் மட்டும் இருக்கும். கடைசியில் அவர் இழுக்கிற இழுப்பை இவளும் இழுத்து, மூச்சு வாங்கி நிறுத்துவாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் கும்பிடுவாள். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது என் அம்மா அவள் கையைச் சேர்த்துவைத்து 'சாமி கும்பிடு' என்று பழக்கியிருக்கிறார். இவள் கணக்கில் வெளிச்சம் வந்தால் சாமி வந்துவிட்டது. மாவுச் சட்டிக்கும் நேற்றைய ரசத்துக்கும் நடுவில் எரிகிற பல்புக்குக் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தயிரைக் காட்டுவாள். நம் வீட்டில் இத்தனை பக்தியோடு யார் தயிர் எடுக்கிறார்கள்?

பேச்சு வரவில்லையாம். 'இந்தா' என்று ஒரு சொல் வைத்திருக்கிறாள். கொடுப்பதற்கும் இந்தா, கேட்பதற்கும் இந்தா, பிடுங்குவதற்கும் இந்தா. அன்று மண்டபத்தில் அப்படிச் சுற்றி நின்று கேட்ட அத்தை ஒருவரிடமே லட்டைக் காட்டி 'இந்தா' என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லையே.

'அக்கறையிலதானப்பா கேட்டாங்க' என்று உள்பெட்டியில் வந்து சமாதானம் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கறை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று ராத்திரி கஞ்சி வைத்துக் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா எங்களுக்குச் சொந்தமே இல்லை. அவர் இன்றுவரை ஏ பி சி டி கேட்டதும் இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு போன்கூடப் பண்ணாமல், மண்டபத்தில் பந்திக்கும் மொய்க்கும் நடுவில் கிடைத்த அரை மணி நேரத்தில், மைக் வைக்காத குறையாகக் கேட்டதற்கு வேறு பெயர் இருக்கிறது. மரியாதைக்காக எழுதவில்லை.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. குப்புற விழுந்தாளா, தவழ்ந்தாளா, பல் முளைத்ததா என்று வரிசையாக ரேஷன் கார்டில் முத்திரை குத்துவது போலக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். என் மகள் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலால் உந்தி, தரையைத் தேய்த்துக்கொண்டு ஹால் முழுக்கப் போவாள். டவுசர்தான் கிழிந்தது, வேறு சேதம் இல்லை. அதற்கு நடந்த பஞ்சாயத்து இருக்கிறதே! முட்டிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், ஜாதகம் பார்க்கச் சொன்னார்கள். நான் பயந்துபோய் தேடித் தேடிப் படித்தேன். 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கூடவே இருந்து கவனித்துப் போட்ட கணக்கு. அதில் நூற்றுக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. தானாக நடக்கிற வயதைப் பார்த்தால், எட்டு மாதம் தாண்டியதிலிருந்து பதினேழரை மாதம் வரை பரவிக் கிடக்கிறது. ஒன்பது மாதத்துக்கும் மேல் அகலமான வாசல் அது. அதில் யார் முதலில் நுழைந்தார் என்று நம் ஆட்கள் கோடு கிழித்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நடக்கவில்லை என்றதும் சக்கரம் வைத்த வாக்கர் ஒன்று வீட்டுக்கு வந்து இறங்கியது. பிள்ளையை உள்ளே தொங்கவிடுவோமே, அதேதான். கனடாவில் 2004இலிருந்து அதை விற்கவே கூடாது. படியில் உருண்டு மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள் அத்தனை. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதும் கிடையாது. இதைச் சொன்னால் 'வாங்கிக் கொடுத்தா குத்தம் சொல்றான்' என்று அதற்கும் ஒரு பேச்சு. வாக்கரைப் பரணில் போட்டுவிட்டு மர நடைவண்டி ஒன்று வாங்கினேன். அதை அவள் நடப்பதற்குப் பயன்படுத்தவில்லை, கவிழ்த்துப்போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் நடந்தது ஒரு சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில். பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் முறுக்கு தின்றுகொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையை விட்டாள், தத்தக்கா பித்தக்கா என்று நேராகப் போனாள், முறுக்கைப் பிடுங்கினாள். எங்கள் இரண்டு போனும் உள்ளே சார்ஜில் கிடந்தன. அந்த நடைக்கு வீடியோ இல்லை. அதனால் குழுவைப் பொறுத்தவரை அவள் அன்று நடக்கவில்லை.

சரி, அடுத்த கேள்வி. 'கவனிக்காம விட்டு, நாளைக்கு உண்மையிலேயே பிரச்சினைன்னா?' இதைக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. நியாயமான கேள்வி. பேச்சு தாமதமானால் பார்க்கத்தான் வேண்டும், 'குமரகுருபரரே அஞ்சு வயசுலதான் பேசினார்' என்று திருச்செந்தூர்க் கதையைச் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. நாங்கள் உட்காரவும் இல்லை. டாக்டர் காது கேட்கிறதா என்று பரிசோதித்தார். பேர் சொன்னால் திரும்புகிறாளா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா, 'செருப்பை எடுத்துட்டு வா' என்றால் புரிகிறதா, ஆட்களைக் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறாளா என்று உட்கார்த்திவைத்துப் பார்த்தார். ஒன்றும் அவசரமில்லை, ஆனால் இரண்டு வயதில் மறுபடி கூட்டி வாருங்கள், அப்போதும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை என்றால் பேச்சுப் பயிற்சிக்கு எழுதித் தருகிறேன் என்றார். போவோம். உங்களில் யாருக்காவது பிள்ளையைப் பற்றி நிஜமாகவே சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, இலவசமாகப் பார்ப்பார்கள். 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் இடம் காதுகுத்து மண்டபம் இல்லை, கண்டுபிடிக்கும் ஆள் மொய் எழுத வந்தவரும் இல்லை.

சுட்ட வசம்பை நாக்கில் தடவச் சொன்னவர்களுக்கு: இல்லை, நன்றி.

நம் புலவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளைத்தமிழில் பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தலையசைத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் தளர்நடை போடும் வருகை. அவர்களும் மாதக் கணக்கு வைத்திருந்தவர்கள்தான். ஆனால் பாட்டு முழுக்கக் கெஞ்சல்தான். கொஞ்சம் வாயேன், ஒரு முத்தம் தாயேன் என்று கேட்டுக் கேட்டு நிற்பார்கள். அம்புலிப் பருவம் வந்தால் இந்தப் பிள்ளையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட்டு, நைச்சியமாகப் பேசி, கடைசியில் மிரட்டவும் செய்வார்கள். மிரட்டல் நிலாவுக்கு. பிள்ளைக்குக் கிடையாது. நாம் முன்னேறிவிட்டோம், நேராகப் பிள்ளையையே மிரட்டுகிறோம். 'சொன்னாத்தான் லட்டு.'

'போனைக் கையில குடுத்து வளர்த்தா இப்படித்தான்' என்ற கண்டுபிடிப்பையும் பார்த்தேன். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதானாலும் ஒரு மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எங்களுக்கும் தெரியும். அன்று மண்டபத்தில் அவள் முகத்துக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டு நின்றது நாங்களா? எந்தப் பிள்ளையோடு ஒப்பிட்டீர்களோ, அந்தப் பிள்ளை தேசியக் கொடிகளை வரிசையாகச் சொன்னது எதைப் பார்த்து? அந்தப் பிள்ளை மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, அதுவும் பாவம். ஜப்பான் முடிந்து பிரேசில் ஆரம்பிக்கும் முன் அதன் கண் பந்தியில் அப்பளத்தின் மேல்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

'அப்பனுக்கு என்ன தெரியும், இதெல்லாம் பொம்பளைங்க விஷயம்' என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. எனக்கு மெடிக்கல் கோடிங்கில் இரவு ஷிப்ட், வீட்டிலிருந்தேதான். மனைவி வங்கிக்குப் போகிறாள். காலையில் அம்மா பார்த்துக்கொள்கிறார், மதியத்துக்கு மேல் மகள் என் பொறுப்பு. டயப்பர் மாற்றுவது, தயிர்சாதத்தை நெற்றியிலிருந்து துடைப்பது, அரிசி அளக்கும்போது டிரம்முக்குள்ளிருந்து டிவி ரிமோட்டைத் தோண்டி எடுப்பது எல்லாம் நான்தான். அன்று மண்டபத்திலும் அவளை இடுப்பில் வைத்திருந்தது நான். ஆனால் ஒரு கேள்விகூட என் பக்கம் வரவில்லை. எல்லாம் என்னைத் தாண்டி மனைவியிடம். 'என்னத்தா, வேலை வேலைன்னு போயிட்டா பிள்ளை யாரைப் பார்த்துப் பேசும்?' பக்கத்தில் நான் நிற்கிறேன், ஐந்தே முக்கால் அடி. என்னைப் பார்த்தால் பிள்ளைக்குப் பேச்சு வராதா?

அவள் பதில் சொல்லவில்லை. சிரித்தாள். வங்கிக் கவுன்டரில் நாள் முழுக்கச் சிரிக்கும் அதே சிரிப்பு. பஸ்ஸில் வரும்போது வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, இதற்காக எத்தனை ராத்திரி உட்கார்ந்து படித்தாள் என்று எனக்குத் தெரியும். லட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ விளையாட்டாகக் கேட்ட கேள்விக்கு இவ்வளவு விலை. இப்போது சொல்லுங்கள், வீடியோவை எடுக்கச் சொன்னது அதிகமா?

'அந்தக் காலத்துல நாங்க அஞ்சு பெத்து வளர்த்தோம், இப்படியெல்லாம் மூஞ்சி தூக்கல' என்பீர்கள். வளர்த்தீர்கள், கும்பிடுகிறேன். அப்போதும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள், நீங்களும் அடுப்படியில் போய்த்தான் அழுதிருப்பீர்கள். அதை நீங்கள் எழுதவில்லை, நான் எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த மாதம் புதுமனை புகுவிழாவுக்கு வருவோம். மகளும் வருவாள். புது வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கும்பிடுவாள், யாரும் சிரித்துத் தொலைக்காதீர்கள், அவளுக்குக் கோபம் வரும். ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால் என்னிடம் கேளுங்கள், எனக்குப் பேச்சு நன்றாகவே வரும்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அத்தைக்கு அனுப்பப் போகிறவர்கள் முழுசாக அனுப்புங்கள். போன தடவை மாதிரி பாதியை வெட்டிவிட்டு அனுப்பாதீர்கள். அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தும் காட்டுங்கள்.