சிசி கூடினால் ரம்பத்தின் திறனும் கூடுமா?

"தொழில்முறைச் சங்கிலி ரம்பங்களில் சிசி (எஞ்சினின் கொள்ளளவு) அதிகமுள்ளதே வலிமை மிக்கது; ஆகவே சுவீடனின் ஹஸ்க்வார்னா 395 எக்ஸ்பி, ஜெர்மனியின் ஸ்டில் எம்எஸ் 500ஐ (500i) ரம்பத்தை எளிதில் விஞ்சிவிடும்" என்றொரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

நிறுவனங்களே வெளியிட்டுள்ள அளவுகளின்படி, 93.6 சிசி கொண்ட 395 எக்ஸ்பியின் திறன் 4.9 கிலோவாட், 79.2 சிசி மட்டுமே கொண்ட 500ஐயின் திறனோ 5.0 கிலோவாட். வெட்டுப் பட்டையும் சங்கிலியும் சேர்க்காத எடை முறையே 7.9 கிலோ, 6.2 கிலோ. நாள் முழுவதும் ரம்பத்தைச் சுமப்பவரின் தோளுக்கு இந்த 1.7 கிலோ மிகப் பெரிய வேறுபாடு என்பதை அச்செய்தி கருதவே இல்லை. 500ஐயில், எரிபொருளைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கிடையாது. தேவையான எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாடு அளந்து செலுத்துவதால், சிறிய எஞ்சினிலிருந்தே இவ்வளவு திறனைப் பெற முடிகிறது.

இதனால் 395 எக்ஸ்பி தாழ்ந்தது என்று ஆகிவிடாது. அதன் கார்புரேட்டரைக் காட்டுக்குள்ளேயே ஒரு திருப்புளியால் சரிசெய்துகொள்ளலாம்; தொலைதூரங்களில் வேலை செய்வோருக்கு அது பெரிய வசதி.

இரண்டையும் அறுத்துப் பார்த்து ஒப்பிடுவோர், ஒரே நீளப் பட்டையையும் புதிதாகத் தீட்டிய ஒரே வகைச் சங்கிலியையும் பூட்ட வேண்டும். சீவல்களுக்குப் பதில் மாவுபோன்ற தூள் கொட்டினால், மழுங்கியிருப்பது சங்கிலிதான். எஞ்சினைக் குறை கூறுவதற்கில்லை.