திமிரெடுத்து அழிஞ்சானாம்!

நேற்று சாயங்காலம் குமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் சாயாக்கடையில் ஒரு பெரியவர் பேப்பரை விரித்து சத்தமாக வாசித்தார். எவனோ ஒரு வெளிநாட்டு விளையாட்டு வீரன் திவாலானானாம். வாசித்து முடித்து பேப்பரை மடக்கிவிட்டுத் தீர்ப்பும் சொன்னார்: “கோடி கோடியா வாங்கினான், திமிரெடுத்து ஆடினான், இப்ப கெடந்து அனுபவிக்கட்டு.” சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அதில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் என் மாமா. கால்பந்து ஆடிய என் சித்தி மகனின் தலையில் 20 வருஷ இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டிவைத்த அதே மாமா. பாதி சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

குத்துச்சண்டைக்கார டைசனைச் சொல்லிச் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்த மனுஷன் வங்கப்புலி வாங்கி வளர்த்தார். 2003-ல் திவால் மனு கொடுக்கும்போது 2.3 கோடி டாலர் கடன். புலிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அவரோடு மோதிய ஹோலிஃபீல்டு 109 அறையோடு வீடு கட்டினார், பெருக்கி முடிக்கவே கோயில் அன்பியத்துக் குடும்பங்களை எல்லாம் கூப்பிட வேண்டும். அது 2012-ல் ஏலத்துக்குப் போனது. சரி, ஆடம்பரம்தான்.

ஆனால் உசேன் போல்ட் எந்தப் புலியை வளர்த்தார்? கடைசிக் காலத்துக்கு ஆகும் என்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்டு வைத்திருந்தார். 2023 ஜனவரியில் பார்த்தால் 1.2 கோடி டாலருக்கு மேல் இருக்கவேண்டிய கணக்கில் மிச்சம் 12,000 டாலர். நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 100 கோடி, உள்ளிருந்தே உருவியிருக்கிறார்கள். கூடைப்பந்தில் டிம் டங்கன் என்று ஒருவர், 5 முறை என்.பி.ஏ. கோப்பை வென்றவர், இருக்கிற இடம் தெரியாத அமைதியான ஆள். அவர் நம்பிய நிதி ஆலோசகரால் போனது 2 கோடி டாலருக்கு மேல். அந்த ஆலோசகர் 2017-ல் 4 வருஷத் தண்டனை வாங்கி ஜெயிலுக்குப் போனார்.

வெளிநாட்டை விடுங்கள். நம்ம திராவிட்! பந்தைத் தொடவே யோசிக்கிற மனுஷன். பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் 20 கோடி போட்டு 16 கோடிதான் திரும்பி வந்தது என்று 2018-ல் போலீஸில் புகார் கொடுத்தார். பாட்மிண்டன் சாய்னா, பிரகாஷ் படுகோன் பெயரெல்லாம் அந்தப் பட்டியலில் வந்தது. ஆள் பிடித்துக் கொடுத்ததாகக் கைதானவர்களில் ஒருவர் விளையாட்டுச் செய்தி எழுதிய முன்னாள் நிருபர். அதாவது மைதானத்து ஓரத்தில் நின்று பேட்டி எடுத்த ஆள். இதில் திமிர் எங்கேலே இருக்கு?

தெரிந்த முகம்தான் வந்து வாரிக்கொண்டு போகும். எங்கள் கடற்கரையில் அதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் பந்து உதைக்கும். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியக் கால்பந்து லீக் வரை போனபிறகு எங்கள் வீட்டு அம்மைமாருக்கே பந்து மேல் நம்பிக்கை வந்தது. என் தம்பியும், அதான் அந்தச் சித்தி மகன், மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆடி, கிளப்காரர் கண்ணில் பட்டு, 22 வயதில் வெளிமாநில கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டான். முதல் வருஷம் 12 லட்சம், மூன்றாம் வருஷம் 25. வீட்டுக்கு வந்து போகிற ஆட்களின் எண்ணிக்கை அந்த வாரமே கூடியது.

முதலில் மாமா. “மக்களே, நானில்லியா இருக்கேன், ஒண்ணும் பயப்படாண்டாம்” என்று தோளில் கை போட்டுக்கொண்டு நீலப் பையைத் திறந்தார். உள்ளே வருஷம் 2 லட்சம் வீதம் 20 வருஷம் கட்டவேண்டிய எண்டோமெண்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது. ஏழெட்டு வருஷம் ஆடினாலே மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றவேண்டிய தொழிலில் இருப்பவனுக்கு 20 வருஷப் பிரீமியம்! இந்தப் பாலிசிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் கால் பங்குக்கு மேல்கூட ஏஜெண்டுக்குக் கமிஷன் உண்டு. மாமாவின் புது ஸ்கூட்டர் எங்கிருந்து வந்தது என்று இப்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பிரீமியத்தோடு தம்பியால் முடியவில்லை. சரண்டர் பண்ணப் போனால் கட்டியதில் பாதிகூடக் கைக்கு வரவில்லை.

அடுத்தது இடத் தரகர். நாலுவழிச்சாலை வரப்போகுது, ஓரத்தில் 8 சென்ட், இப்போது விட்டால் கிடைக்காது என்றார். அது வயல் ஏலாவில் மண்ணடித்து நிரத்திய இடம். பத்திரத்தில் நன்செய் என்றே இருக்கிறது, வீடு கட்ட அப்ரூவல் வராது. ஐப்பசி மழைக்குப் போய்ப் பாருங்கள், வாத்து நீந்தும்.

பிறகு கூடப் படித்த பயல் ஒருத்தன், நூற்றுக்கு மூணு வட்டி மாசாமாசம் என்று ஒரு பைனான்ஸுக்கு இழுத்தான். 2017-ல் கேரள எல்லையோரத்தில் ஒரு சிட்டுக் கம்பெனி பூட்டுப் போட்டபோது எத்தனை பேர் கல்யாணக் காசை இழந்து வாசலில் நின்று அழுதார்கள்! ஊரே பார்த்தது. அந்தக் கண்ணீர் காயுமுன் அதே ஆசை. நான் சொன்னேன்: “பேங்கில் எஃப்.டி. போடுலே, வட்டி குறைவு, ஆனா மொதலு நிக்கும்.” அதற்குச் சித்தி சொன்ன பதில்: “நாலு காசு பாத்தா அண்ணனுக்குக் கண்ணுகடி.”

கண்ணுகடியாம்! நான் விசைப்படகுகளுக்குக் கணக்கெழுதுகிறவன். ஒரு பாடு மீன் கிடைத்தால் டீசல், ஐஸ், ரேஷன், ஆட்களின் பத்தா எல்லாம் கழித்துத்தான் பங்கு பிரிப்பேன். ஏலத் தொகையை முழுசாக எவனும் தன் காசு என்று நினைக்கமாட்டான், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். அந்த 61 நாளுக்கே மே மாதத்தில் அரிசி வாங்கி வைப்போம். ஆட்டக்காரனுக்கு 32 வயதில் தொடங்குகிற தடைக்காலம் சாகும்வரை முடியாது. அதற்கு அரிசி வாங்கி வை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, வாணவேடிக்கைக்கு ரசீது நீட்ட மட்டும் பத்து ஆள்! “கிளப்புக்கு ஆடுற பயல், நீ தராம வேற யாரு தருவா?” என்று திருவிழாவில் ஒரு நாள் செலவு முழுக்க அவன் தலையில். வருமானவரியும் யாரும் சொல்லித்தரவில்லை. கிளப் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியது. மீதியெல்லாம் தன்னுடையது என்று நினைத்து வீட்டுக்கு மூன்றாம் மாடி எழுப்பினான். ஸ்லாப்படி கட்டவேண்டிய பாக்கிக்கு நோட்டீஸ் வந்தபோது, புதுவீடு மந்திரிப்புக்குப் போட்ட பந்தலைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

26 வயதில் முட்டில் லிகமெண்ட் கிழிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவ்வளவுதான். காயமே படாதவனுக்கும் என்ன உத்தரவாதம்? 2025 ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் பெங்களூரு எஃப்.சி. ஆட்டக்காரர்கள் சம்பளத்தையே நிறுத்திவைத்தது.

நிறையச் சம்பாதித்தால் தப்பிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். கையில் பந்தைப் பிடித்து ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களை வைத்து 2015-ல் ஒரு பொருளாதார ஆய்வு வந்தது. ஓய்வுபெற்று 12 வருஷத்துக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால். அதிகச் சம்பளம் வாங்கியவன், அதிக வருஷம் ஆடியவன் என்பதெல்லாம் பெரிதாகக் காப்பாற்றவில்லை. கூடைப்பந்து ஐவர்சன் கதை இன்னும் வேடிக்கை. 15 கோடி டாலருக்கு மேல் சம்பளமாக மட்டும் வாங்கியவர், கடனில் தத்தளித்தார். ஆனால் ரீபோக் ஷூ கம்பெனி ஒப்பந்தத்தில் 3.2 கோடி டாலரை 55 வயதுவரை, அதாவது 2030 வரை, தொடமுடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைப் போட்ட புண்ணியவான் யாரோ, அப்படி ஒருத்தன் எங்கள் கடற்கரைக்கு வாய்க்கவில்லையே!

நானும் யோக்கியனில்லை, சொல்லிவிடுகிறேன். என் மகளைக் காலேஜில் சேர்க்கும்போது தம்பியிடம் 40,000 வாங்கினேன். அவன் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. என் நோட்டில் ஊர்க் கணக்கெல்லாம் இருக்கிறது, அந்த 40,000 மட்டும் இல்லை. இப்போது அவன் ஐஸ் பிளாண்டில் சூப்பர்வைசர். காலையில் எதிரில் வந்தால் “அண்ணே” என்று சிரித்துவிட்டுத்தான் போகிறான். எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

இன்று காலை வந்த செய்தி: பக்கத்துக் கடற்கரை ஊரில் 19 வயசுப் பயல் ஒருத்தனை ஒரு கிளப் கூப்பிட்டிருக்கிறதாம். அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. சொல்லி வைக்கலாம் என்று நோட்டை மூடிவிட்டு ஓடினேன். முற்றத்தில் மாமாவின் ஸ்கூட்டர். உள்ளே அந்தப் பயலின் அம்மை மாமாவுக்கு மரச்சீனியும் மீன்கறியும் விளம்பிக்கொண்டிருந்தாள்.

“வாலே, நீயும் இரு” என்றார் மாமா. மடியில் அதே நீலப் பை, ஜிப் ஏற்கெனவே திறந்திருந்தது.