தேதியை மட்டும் பொருத்தினால் போதாது

பேரிடர் நிவாரணத்துக்கு வந்த நேச நாட்டுப் படைகள் எல்லாம் ஒரே நாளில் கிளம்பினால் குழப்பம் இருக்காது என்கிறது ஒரு கட்டுரை. நடைமுறையில் அதுதான் பெரிய குழப்பம். வெளியேற்றத்தைப் படைப்பிரிவு வாரியாக அல்ல, வேலை வாரியாகத் திட்டமிட வேண்டும்: குடிநீர், மருத்துவம், விமானப் போக்குவரத்து. ஒவ்வொன்றையும் யார், எந்தத் தேதியில் ஏற்கிறார்கள் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் மறைமுகச் சார்பில்தான். ஒரு நாட்டின் ஹெலிகாப்டர், இன்னொரு நாடு வைத்த எரிபொருள் பையிலிருந்து (சுருட்டி எடுத்துப்போகக்கூடிய பெரிய சேமிப்புப் பை) நிரப்பிக்கொள்ளும். அந்தப் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் மிச்சமிருக்கும் ஹெலிகாப்டர்கள் தரையில்தான். அதனால் எரிபொருள், ஓடுதளக் கட்டுப்பாடு, அவசர நோயாளி விமானம் மூன்றும் கடைசியில்தான் கிளம்ப வேண்டும்.

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை அப்படியே விட்டுப் போவது தாராளம் மாதிரி தெரியும். மாற்று வடிகட்டி, குளோரின், இயக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் இல்லையென்றால் அது வெறும் இரும்புதான். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்ற அளவை உள்ளூர் ஏற்பாடு எட்டிய பிறகே நிறுத்த வேண்டும். கள மருத்துவமனையும் அப்படியே: தொடர் சிகிச்சை தேவைப்படும் அறுவைகளை முன்கூட்டியே நிறுத்தி, நோயாளிக் குறிப்புகளை உள்ளூர் மொழியில் ஒப்படைக்க வேண்டும்.

2005 பாகிஸ்தான் பூகம்பத்தில் நேட்டோ ராணுவக் கூட்டணி தன் நிவாரணப் பணி 90 நாள் என்று முன்பே சொல்லி, 2006 பிப்ரவரி 1-ல் முடித்தது. கெடு தெரிந்தால்தான் மற்றவர்கள் பொறுப்பேற்கத் தயாராவார்கள். பேரிடர் நிவாரணத்தில் வெளிநாட்டு ராணுவ உதவியைப் பயன்படுத்துவது பற்றிய ஆஸ்லோ வழிகாட்டுதலும் கால வரம்பைத்தான் கேட்கிறது.