ஆறு பேருக்கு ஒரே ரூட்

காரைக்குடியில் எங்கள் கடை லினக்ஸ் கணினியில் ஆறு பேரும் ரூட்டாகத்தான், அதாவது எதையும் மாற்றவும் அழிக்கவும் அதிகாரமுள்ள கணக்கில்தான், நுழைகிறார்கள். கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நேற்று கண்டாங்கிச் சேலை இருப்புக் கோப்பைக் காணோம். யார் அழித்தது? பதிவில் எல்லாமே ரூட். வயிறு எரிகிறது! செட்டிநாட்டு வளவு வீட்டில்கூடப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஓர் அறை, தனிப் பூட்டு என்றுதானே வைத்தார்கள்?

போன மாதம் புதுக் கணக்கு உண்டாக்கும் ‘ஆட்யூசர்’ கட்டளையை அடித்து ஆளுக்கொரு கணக்கு போட்டேன். ஒரு பெயருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் ஒருவர் என்னைப் பிரிண்டர் குழுவில் சேர்க்கிறேன் என்று, கணக்கை மாற்றும் ‘யூசர்மாட்’ கட்டளையில், இருக்கும் குழுக்களோடு சேர் என்று சொல்லும் சின்ன ‘ஏ’வை விட்டுவிட்டுப் பெரிய ‘ஜி’யை மட்டும் போட்டார். நான் இருந்த பழைய குழுக்கள் எல்லாம் போய், என் கணக்கிலிருந்தே ரூட் வேலை செய்யவிடும் சுடோ அனுமதியும் போனது. ஒற்றை எழுத்து! சரி, திருத்திக்கொள்ளலாம் என்பதற்குள் மறுபடி எல்லோரும் ரூட்டுக்கே போய்விட்டார்கள். அந்தக் கடவுச்சொல் சீட்டை இன்றைக்காவது கிழித்துப் போடுங்கள்.