கப்பல் தச்சர்கள் கட்டிய கோவில்

பிரான்சின் நார்மண்டியில் ஓன்ஃப்லேர் துறைமுகத்தில் உள்ள புனித கத்தரீன் பங்கு ஆலயத்தை உங்கள் கட்டுரையில் "பெரிய மரக் கோவில்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! சுவாரஸ்யமே அதற்கப்புறம்தானே?

இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரில் பழைய கல் கோவில் அழிந்துபோனது. ஆங்கிலேயர் வெளியேறிய பிறகு, 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊரார் கையில் எடுத்தது பக்கத்துக் காட்டின் ஓக் மரத்தை. கட்டியவர்கள் கப்பல் தச்சர்கள். அண்ணாந்து பார்த்தால் கூரை, கவிழ்த்துப் போட்ட கப்பலின் அடிப்பாகம் மாதிரியே இருக்கும். இடம் போதாமல் 1496இல் பக்கத்திலேயே இரண்டாவது கூடத்தைச் சேர்த்தார்கள். அதனால்தான் இரட்டைக் கூரை.

எனக்குப் பிடித்தது தூண்கள்தான். போதிய உயரத்துக்கு மரம் கிடைக்காததால் சில தூண்களுக்கு அடியில் கல் பீடம் வைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். பீடங்களின் உயரமும் ஒன்றுபோல் இருக்காது. பொறியாளர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் ஐந்நூறு வருஷமாக நிற்கிறதே!

மணிக்கூண்டு தனியாக, எதிரே மணியடிப்பவர் வீட்டின் மேல் நிற்கிறது. மணிகளின் பாரம் கோவில் கூரைக்கு ஆகாது. மணிக்கூண்டில் இடி விழுந்து தீப்பிடித்தாலும் கோவில் தப்பும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே இந்த மணிக்கூண்டை வரைந்திருக்கிறார். அந்தப் படத்தையாவது கட்டுரையில் போட்டிருக்கலாம்.